ட்யூனரில் 1:1 வந்தும் சிக்னல் போகாதது ஏன்? ஆன்டெனா ட்யூனரும் இம்பீடன்ஸ் பொருத்தமும்

அமெச்சூர் (ஹாம்) ரேடியோ நிலையம் வைத்திருப்பவர் ஒருவரின் கேள்வி இது: 40 மீட்டர் பேண்டுக்கு (சுமார் 7 மெகாஹெர்ட்ஸ்) வெட்டிய டைபோல், அதாவது நடுவில் இணைப்பு எடுத்த இரட்டைக் கம்பி ஆன்டெனா, அதிலிருந்து 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் (50 ஓம் கோஆக்ஸ்: உள்கம்பி, அதைச் சுற்றி வெளிப்பின்னல்), மேசைமேல் ரேடியோவை ஒட்டி ஒரு டி-நெட்வொர்க் ட்யூனர் (எதிரே வரும் இம்பீடன்ஸை, அதாவது மின்னோட்டத்துக்கான மொத்த எதிர்ப்பை, ரேடியோவுக்கு ஏற்ற 50 ஓமாக மாற்றிக் காட்டும் பெட்டி). 40 மீட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது. அதே ஆன்டெனாவை 80 மீட்டரில் (சுமார் 3.6 மெகாஹெர்ட்ஸ்) ட்யூன் செய்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தமின்மையைக் காட்டும் அளவு, 1:1 என்றால் முழுப் பொருத்தம்) அழகாக 1:1-க்கு இறங்குகிறது, ஆனால் அருகில் உள்ள நிலையங்கள்கூட சிக்னல் இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடப்பதாகச் சொல்கின்றன. ட்யூனரில் பழுதா?

ட்யூனரில் பழுது இல்லை. அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது. மீட்டர் காட்டும் 1:1 என்பது ரேடியோவுக்கும் ட்யூனருக்கும் நடுவில் உள்ள அரை மீட்டர் கேபிளின் நிலவரம் மட்டுமே. ட்யூனரைத் தாண்டிய 30 மீட்டர் கேபிளிலும் அதன் மேல்முனையில் தொங்கும் கம்பியிலும் எதுவும் மாறவில்லை. ரேடியோ கொடுக்கும் 100 வாட்டில் 1 வாட்கூட ஆன்டெனாவை எட்டுவதில்லை. ஏறத்தாழ முழுவதும் கேபிளைச் சூடாக்குவதிலேயே செலவாகிறது. மிகைப்படுத்திச் சொல்வதாகத் தோன்றலாம், கணக்கைப் பார்த்துவிடுவோம்.

40 மீட்டர் டைபோலின் மொத்த நீளம் சுமார் 20 மீட்டர். 3.6 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 83 மீட்டர். ஆகவே அந்த பேண்டில் இந்தக் கம்பி கால் அலைநீளத்துக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு குட்டையான டைபோலின் நடுவில் மின்தடை சுமார் 12 ஓம்தான். அதோடு சேர்ந்து வருவது சுமார் 1000 ஓம் கெபாசிட்டிவ் ரியாக்டன்ஸ் (பவரைச் செலவழிக்காமல் மின்னோட்டத்தை எதிர்க்கும் பகுதி). (கம்பியின் தடிமன், உயரம் இவற்றைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் நகரும்.) 50 ஓம் கேபிளோடு இதைச் சேர்த்தால் ஆன்டெனா முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். 1600-ஐத் தாண்டுகிறது. எண்ணில் தவறில்லை, ஆயிரத்து அறுநூறுதான்.

30 மீட்டர் ஆர்ஜி-58, சரியாகப் பொருந்திய ஆன்டெனாவோடு இருந்தால், 3.6 மெகாஹெர்ட்ஸில் சுமார் 0.8 டெசிபல் (10 டெசிபல் இழப்பு என்றால் பவர் பத்தில் ஒரு பங்காகும்) மட்டுமே விழுங்கும். அது அலட்சியப்படுத்தக்கூடிய அளவு. ஆனால் பொருத்தம் இவ்வளவு மோசமாக இருக்கும்போது அலை மேலே போய், அநேகமாக முழுவதும் திரும்பி, ட்யூனரில் மோதி, மறுபடி மேலே போய் என்று பல தடவை அதே கேபிளில் நடக்கிறது. ஒவ்வொரு நடைக்கும் 0.8 டெசிபல் கழிகிறது. எல்லாம் கூட்டினால் மொத்த இழப்பு 22 டெசிபல் அளவில் வருகிறது. 100 வாட் அனுப்பினால் ஆன்டெனாவில் மிஞ்சுவது 0.6 வாட்டுக்குச் சற்று மேல்.

இங்கே பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். “திரும்பி வரும் பவர் எல்லாம் வீண், அது ரேடியோவின் ஃபைனல் டிரான்சிஸ்டர்களில் போய்ச் சூடாகிறது” என்பார்கள். ட்யூனர் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தால் திரும்பும் அலை ட்யூனரிலேயே மீண்டும் ஆன்டெனா பக்கம் திருப்பப்படுகிறது. வீணாவது கேபிளின் நடைக்கூலி மட்டுமே. கேபிளில் இழப்பே இல்லையென்றால் எஸ்.டபிள்யூ.ஆர். 20:1 இருந்தாலும் முழுப் பவரும் கடைசியில் காற்றில் கலந்துவிடும். எஸ்.டபிள்யூ.ஆர். தனியாகக் குற்றவாளி இல்லை, கேபிள் இழப்பு தனியாகக் குற்றவாளி இல்லை. இரண்டும் சேரும்போதுதான் பெருக்கல் நடக்கிறது.

அப்படியானால் 1600:1 என்ற சுமையை ஒரு சாதாரண ட்யூனர் எப்படிப் பொருத்தியது? கேபிள் அதை மறைத்துவிட்டது. திரும்பி வரும் அலை கீழே வருவதற்குள் கேபிளில் மெலிந்துவிடுவதால், ட்யூனரின் வாசலில் அளந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். சுமார் 11:1 மட்டுமே தெரியும். நல்ல டி-நெட்வொர்க்குக்கு அது பெரிய விஷயமில்லை. இப்போது மேலே ஏறி ஆன்டெனாவையே கழற்றிவிட்டு, கேபிளின் முனையை வெறுமனே திறந்து விடுங்கள். கீழே அப்போதும் சுமார் 11:1 தான் வரும். அதாவது ஆன்டெனா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ட்யூனருக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ட்யூனர் பொருத்திக் கொடுத்தது அந்தக் கேபிளை.

இதையே உங்கள் கேபிளைச் சோதிக்கும் முறையாகவும் வைத்துக்கொள்ளலாம். மேல்முனையைக் கழற்றித் திறந்து விட்டு, கீழ்முனையில் ஆன்டெனா அனலைசரால் அளந்து ரிட்டர்ன் லாஸைப் (அனுப்பியதைவிடத் திரும்பி வருவது எத்தனை டெசிபல் குறைவு என்ற அளவை) பாருங்கள். அதில் பாதிதான் கேபிளின் ஒருவழி இழப்பு. 1.6 டெசிபல் காட்டினால் கேபிள் இழப்பு 0.8. அதே கேபிளுக்கு அதே அதிர்வெண்ணில் 3 டெசிபல் காட்டினால், உறைக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது அல்லது கனெக்டரில் சால்டர் பிடிக்கவில்லை. புதிய ஆன்டெனா கட்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது பல வாரக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

தடித்த கேபிள் போட்டால் தீருமா என்று அடுத்து கேட்பார்கள். தீராது. ஆர்ஜி-213 போட்டால் 22 டெசிபல் சுமார் 18 ஆகக் குறையும், அவ்வளவுதான். கேபிளுக்குச் செலவழிக்கும் பணத்தில் இன்னும் 20 மீட்டர் கம்பி வாங்குவது நூறு மடங்கு பயன்.

எதிர்த்திசைத் தவறும் இதே அளவு பொதுவானது: 80 மீட்டர் டைபோலை 40 மீட்டரில் ஓட்டுவது. அங்கே கம்பி முழு அலைநீளம் ஆகிவிடுவதால் நடுவில் இம்பீடன்ஸ் சில ஆயிரம் ஓம். எஸ்.டபிள்யூ.ஆர். 90 என்று வைத்துக்கொண்டால், அதே 30 மீட்டர் ஆர்ஜி-58-இல் இழப்பு சுமார் 11 டெசிபல். முன்னதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் 100 வாட்டில் 8 வாட்தான் மேலே போகிறது.

இதனால் மேசைமேல் உள்ள ட்யூனரே வேண்டாம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆன்டெனா முனையில் 3:1 இருக்கிறது, 7 மெகாஹெர்ட்ஸ், அதே கேபிள் என்றால் பொருந்தாமையால் கூடுதலாகப் போவது அரை டெசிபல் சொச்சம். ரேடியோவின் சிக்னல் மீட்டரில் ஒரு எஸ்-யூனிட் என்பது 6 டெசிபல். அரை டெசிபலை எதிர்முனையில் யாராலும் காதால் கண்டுபிடிக்க முடியாது. 80 மீட்டர் டைபோலை 3.6-க்கு வெட்டிவிட்டு 3.5-க்கும் 3.7-க்கும் நகரும்போது ரேடியோ பவரைக் குறைத்துக்கொள்ளாமல் இருக்க ட்யூனர் போடுகிறீர்கள் என்றால், அது அந்தக் கருவிக்கு மிகச் சரியான வேலை. ரேடியோவுக்குள்ளேயே இருக்கும் தானியங்கி ட்யூனர்கள் பெரும்பாலும் 3:1 வரை, அதாவது சுமார் 17 முதல் 150 ஓம் வரை மட்டுமே பொருத்துவதும் இதற்காகத்தான். அந்த வரம்புக்குள் அது முணுமுணுக்காமல் பொருத்தினால் நிம்மதியாகப் பேசுங்கள். அது மறுத்தால், அந்த மறுப்பையே ஆன்டெனாவைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, 80 மீட்டருக்கு என்ன செய்வது?

இடம் இருந்தால் முதல் வழி, இருக்கும் டைபோலின் அதே நடுப்புள்ளியில் 80 மீட்டருக்கான இரண்டாவது கம்பி ஜோடியைக் கட்டுவது. மொத்த நீளம் மீட்டரில் சுமார் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தது. 3.6-க்கு 39.7 மீட்டர், பக்கத்துக்கு 19.85. வெட்டும்போது பக்கத்துக்கு அரை மீட்டர் கூட விட்டு வெட்டி, அளந்து அளந்து மடித்துக் குறையுங்கள். இரண்டு ஜோடிக் கம்பிகளின் முனைகளும் ஒன்றையொன்று ஒட்டி ஓடாமல் ஒரு மீட்டராவது விலகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றைக் குறைக்கும்போது மற்றது நகரும். நீளமான ஜோடியை முதலில் சரிசெய்து, பிறகு குட்டை ஜோடிக்கு வாருங்கள். இதில் ட்யூனரே தேவைப்படாமல் போகலாம்.

20 மீட்டருக்கு மேல் நீட்ட இடமே இல்லையென்றால், கோஆக்ஸை இறக்கிவிட்டு லேடர் லைன் (இடைவெளி விட்டு இணையாக ஓடும் இரட்டைக் கம்பி) போடலாம். அதன் இழப்பு கோஆக்ஸின் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பதால் பெரிய எஸ்.டபிள்யூ.ஆரைத் தாங்கும். ஆனால் “லேடர் லைனில் இழப்பே கிடையாது” என்பதை நம்பிவிடாதீர்கள். இதே 12 ஓம், 1000 ஓம் சுமைக்கு 30 மீட்டர் ஜன்னல் வகை லைனிலும் (பிளாஸ்டிக் பட்டையில் துளைகள் வெட்டியது) 4 டெசிபல் போகக்கூடும். மழையில் நனைந்தால் அதைவிட அதிகம், ட்யூனிங்கும் நகரும். பிளாஸ்டிக் பட்டை இல்லாமல் குச்சிகளால் பிரித்துக் கட்டிய 600 ஓம் திறந்த லைன் இந்த விஷயத்தில் மேலானது. எப்படியும் 22-இலிருந்து 4-க்கு வருவது மூன்று எஸ்-யூனிட் லாபம். லேடர் லைனைச் சுவரிலோ உலோகக் குழாயிலோ ஒட்டி ஓட்டக்கூடாது. லைனின் அகலத்தைப் போல் இரண்டு மூன்று மடங்காவது விலகியிருக்கட்டும். காற்றில் பட்டம் போல் அடித்துக்கொள்ளாமல் இருக்க, மீட்டருக்கு ஒன்றிரண்டு தடவை முறுக்கி விடுங்கள்.

மூன்றாவது, ட்யூனரைத் தூக்கி ஆன்டெனாவின் நடுவிலேயே வைப்பது. கேபிள் இழப்பு 0.8 டெசிபலுக்குத் திரும்பிவிடும். ஆனால் இங்கே ட்யூனரின் காயில் (கம்பிச்சுருள்) தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. 1000 ஓம் கெபாசிட்டிவ் ரியாக்டன்ஸை ரத்து செய்ய 1000 ஓம் காயில் வேண்டும். க்யூ மதிப்பு (ரியாக்டன்ஸை மின்தடையால் வகுத்தது) 200 உள்ள நல்ல காயிலானாலும் அதில் 5 ஓம் மின்தடை இருக்கும். ஆன்டெனாவின் 12 ஓமோடு இந்த 5 ஓம் தொடராக நிற்கிறது. அதாவது பவரில் 30 சதவீதம் காயிலில் சூடாகிறது. மேலும், 100 வாட்டை 12 ஓமில் செலுத்த 2.9 ஆம்பியர் ஓடவேண்டும். 1000 ஓம் ரியாக்டன்ஸில் அது 2900 வோல்ட், உச்சத்தில் 4000 வோல்ட். கைக்கடக்கமான தானியங்கி ட்யூனரின் ரிலேக்களும் சிறு கெபாசிட்டர்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

நான்காவது வழி அதிகம் பேர் முயல்வதில்லை, ஆனால் உயரம் இருந்து அகலம் இல்லாதவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். கீழ்முனையில் கேபிளின் உள்கம்பியையும் வெளிப்பின்னலையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். முழு ஃபீட்லைனும் இப்போது ஒரு செங்குத்துக் கம்பி, மேலே உள்ள டைபோல் அதற்குத் தொப்பி. அடியிலிருந்து நாற்புறமும் தரையில் பரப்பிய ரேடியல் கம்பிகளுக்கும் இதற்கும் நடுவில் ட்யூனரைப் போட்டு ஓட்டுங்கள். ரேடியல் 10 மீட்டர் நீளத்தில் எட்டாவது வேண்டும், பதினாறு இருந்தால் நல்லது. ஒரே ஒரு மண்கம்பியை அடித்துவிட்டு இதை முயன்றால் பவர் பெரும்பாலும் மண்ணைத்தான் சூடாக்கும். ஃபீட்லைன் நேராகத் தொங்க வேண்டும், கட்டடத்தின் இரும்புக் கம்பிகளோடு ஒட்டிப் படுத்திருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை.

ட்யூனருக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எல்-நெட்வொர்க்கிலிருந்து தொடங்குவதே எளிது. ஒரு காயில் தொடராக, ஒரு கெபாசிட்டர் குறுக்காக, அவ்வளவுதான். குறுக்குக் கெபாசிட்டர் எப்போதும் இம்பீடன்ஸ் அதிகமுள்ள பக்கத்தில் உட்காரும். ஆன்டெனா 50 ஓமுக்கு மேல் என்றால் ஆன்டெனா பக்கம், கீழ் என்றால் ரேடியோ பக்கம்.

7.1 மெகாஹெர்ட்ஸில் 200 ஓம் சுமையை 50 ஓமுக்குப் பொருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரியதைச் சிறியதால் வகுத்தால் 4. அதில் ஒன்றைக் கழித்தால் 3. அதன் வர்க்கமூலம் 1.73. இதுதான் நெட்வொர்க்கின் க்யூ. தொடர் ரியாக்டன்ஸ் 50 × 1.73 = 86.6 ஓம், குறுக்கு ரியாக்டன்ஸ் 200 ÷ 1.73 = 115.5 ஓம். இவற்றை 7.1 மெகாஹெர்ட்ஸில் மாற்றினால் காயில் 1.94 மைக்ரோஹென்றி, கெபாசிட்டர் 194 பிகோஃபாரட்.

இந்தக் காயிலை 2 மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 8 சுற்றாக, சராசரி விட்டம் 4 சென்டிமீட்டர், நீளம் 3.4 சென்டிமீட்டர் வரும்படி சுற்றலாம். வேறு அளவு வேண்டுமென்றால்: விட்டத்தின் வர்க்கத்தைச் சுற்றுகளின் வர்க்கத்தால் பெருக்கி, அதை (45.7 × விட்டம் + 101.6 × நீளம்) என்பதால் வகுத்தால் மைக்ரோஹென்றி கிடைக்கும். விட்டமும் நீளமும் சென்டிமீட்டரில். கொஞ்சம் கூடக் குறைய வந்தால் சுற்றுகளை விரித்தும் நெருக்கியும் சரிசெய்துகொள்ளலாம். கெபாசிட்டருக்குத் தனியாக எதுவும் வாங்காமல், முனை திறந்த ஆர்ஜி-58 துண்டையே பயன்படுத்தலாம். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்ற கணக்கில் 1.94 மீட்டர் வெட்டத் தோன்றும், ஆனால் இந்த அதிர்வெண்ணில் அது தன் நீளத்தால் கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்யும். 1.9 மீட்டரில் தொடங்கி 1.8-ஐ நோக்கி நறுக்கி வந்தால் சரியாக உட்காரும். 200 ஓமில் 100 வாட்டுக்கு உச்ச மின்னழுத்தம் 200 வோல்ட்தான், கேபிள் இதைச் சுலபமாகத் தாங்கும்.

இப்போது இதே 4:1 எஸ்.டபிள்யூ.ஆர். கீழ்ப்பக்கம், அதாவது 12.5 ஓம் சுமையாக வந்தால் என்ன ஆகிறது? க்யூ அதே 1.73. ஆனால் காயில் 0.49 மைக்ரோஹென்றி, கெபாசிட்டர் 776 பிகோஃபாரட். காயிலில் ஓடும் மின்னோட்டம் 1.4 ஆம்பியரிலிருந்து 2.8 ஆகிறது. ஒரே எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணுக்குப் பின்னால் முற்றிலும் வேறான இரண்டு வேலைகள் இருக்கின்றன. “10:1 வரை பொருத்தும்” என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது எந்தப் பக்கத்து 10:1 என்று கேட்க வேண்டும். உயர் இம்பீடன்ஸ் பக்கம் ட்யூனர்களுக்கு எளிது. தாழ்ந்த பக்கம், அதுவும் 80, 160 மீட்டர் பேண்டுகளில்தான் அவை வியர்க்கின்றன.

கடையில் கிடைக்கும் கைமுறை ட்யூனர்களில் பெரும்பாலானவை டி-நெட்வொர்க்: தொடராக இரண்டு கெபாசிட்டர், நடுவில் தரைக்குக் காயில். மூன்று பாகமும் நகர்வதால் பரந்த வரம்பைப் பொருத்தும். அதுவே அதன் ஆபத்தும்கூட. ஒரே சுமைக்கு 1:1 தரும் அமைப்புகள் பல உண்டு, மீட்டருக்கு அவை எல்லாம் ஒன்று, காயிலுக்கு ஒன்றல்ல. 3.6 மெகாஹெர்ட்ஸில் 10 ஓம் சுமையை எடுத்துக்கொள்ளுங்கள், காயிலின் க்யூ 200. ஆன்டெனா பக்கக் கெபாசிட்டரை 250 பிகோஃபாரட்டில் வைத்தால் காயில் 5.4 மைக்ரோஹென்றி தேவைப்படும், இழப்பு சுமார் 11 சதவீதம். அதே கெபாசிட்டரை 125-க்குக் குறைத்தால் காயில் 10.8 மைக்ரோஹென்றி, இழப்பு சுமார் 20 சதவீதம், கெபாசிட்டரில் 1100 வோல்ட்டுக்கு மேல். இரண்டிலும் மீட்டர் 1:1 என்றே சொல்லும். சாதாரண ரோலர் காயில்களின் க்யூ 200-க்கும் கீழே போவது உண்டு, அப்போது இந்த எண்கள் இன்னும் மோசம்.

ஆகவே டி-நெட்வொர்க்கில் நினைவில் வைக்க வேண்டியது: கெபாசிட்டர்கள் முடிந்தவரை பெரிதாக, காயில் முடிந்தவரை சிறிதாக. சில ட்யூனர்களில் அளவுகோலின் 0 தான் அதிகபட்சக் கெபாசிட்டன்ஸ், சிலவற்றில் நேர்மாறு. எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து ஒருமுறை பாருங்கள். நகரும் தட்டுகள் நிலைத்தட்டுகளுக்குள் முழுவதும் புகுந்திருந்தால் அதுவே அதிகபட்சம்.

ட்யூன் செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். ரேடியோவின் உள் ட்யூனரை முதலில் அணைத்துவிடுங்கள். இரண்டு ட்யூனர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் வெளி மீட்டரைப் பார்த்து எதையும் நம்ப முடியாது. லீனியர் ஆம்ப்ளிஃபையர் (பவரைப் பெருக்கும் தனிப் பெட்டி) இருந்தால் அதையும் அணையுங்கள். இரண்டு கெபாசிட்டர்களையும் அதிகபட்சத்திலிருந்து சற்றே குறைத்து வைத்துக்கொண்டு, அனுப்பாமல், கேட்டுக்கொண்டே காயிலைத் திருப்புங்கள். இரைச்சல் சட்டென்று உயரும் இடம் ஒன்று இருக்கும், அங்கே நிறுத்துங்கள். பிறகு யாரும் பயன்படுத்தாத அதிர்வெண்தானா என்று கேட்டுப் பார்த்து, அழைப்புக் குறியைச் சொல்லி, 5 முதல் 10 வாட்டில் சி.டபிள்யூ. கேரியர் (பேச்சில்லாத ஒரே சீரான அலை) கொடுங்கள். எஸ்.எஸ்.பி.-யில் (பேச்சு அனுப்பும் முறையில்) “ஹலோ ஹலோ” என்று பேசிக்கொண்டு ட்யூன் செய்தால் முள் ஆடிக்கொண்டே இருக்கும், பாதி வேலைதான் நடக்கும். ஆன்டெனா பக்கக் கெபாசிட்டரால் திரும்பும் பவரைக் குறைத்து, ரேடியோ பக்கக் கெபாசிட்டரால் மேலும் குறைத்து, மாறிமாறிப் போங்கள். பள்ளம் கிடைத்ததும் நின்றுவிடாமல், கேரியரை நிறுத்திவிட்டுக் காயிலை ஒரு படி குறைத்து, கெபாசிட்டர்களை மறுபடி சரிசெய்து பாருங்கள். இன்னும் 1:1 வருகிறதென்றால் இது முந்தையதைவிட நல்ல அமைப்பு. இனிக் குறைக்க முடியாது என்ற இடத்துக்கு ஒரு படி முன் நிறுத்தி, மூன்று எண்களையும் பேண்டு, அதிர்வெண்ணோடு எழுதி ட்யூனரின் மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை பத்து நொடி வேலை. காயில் சுவிட்சைக் கேரியர் ஓடும்போது திருப்பவே கூடாது. தொடர்பு விடுபடும் அந்த நொடியில் பாயும் தீப்பொறி சுவிட்சின் முனைகளைக் கரியாக்கிவிடும்.

லேடர் லைனுக்கும் ட்யூனருக்கும் நடுவில் பாலன் (சமநிலையான இரட்டைக் கம்பியைக் கோஆக்ஸ் வகை இணைப்போடு சேர்க்கும் பாகம்) வேண்டும். இங்கே பழக்கதோஷத்தில் 4:1 பாலன் போட்டுவிடுகிறார்கள். லைனின் கீழ்முனையில் 12 ஓம் வந்திருந்தால் அந்தப் பாலன் அதை 3 ஓமாக்கி ட்யூனரிடம் தள்ளும். ட்யூனருக்கு எது கஷ்டமோ அதையே நாம் செய்து கொடுத்ததாகும். எல்லா பேண்டிலும் ஓட்டும் ஆன்டெனாவுக்கு 1:1 கரண்ட் பாலன் பொதுவாக நல்லது. 61 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள 31 வகை ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58-ஐயோ இரட்டைக் கம்பியையோ 12 சுற்றுச் சுற்றினால் தாழ்ந்த எச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுகளுக்குப் போதும். இரண்டு நிமிடம் பேசியபின் வளையம் கையால் தொட முடியாத சூட்டில் இருந்தால் அங்கே இம்பீடன்ஸ் எல்லை மீறியிருக்கிறது. லேடர் லைனின் நீளத்தை 2, 3 மீட்டர் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். நீளத்தை மாற்றினால் லைனில் உள்ள எஸ்.டபிள்யூ.ஆர். மாறாது, ஆனால் கீழ்முனையில் தெரியும் இம்பீடன்ஸ் வெகுவாக மாறும். ட்யூனர் பிடிவாதமாகப் பொருத்த மறுக்கும்போதும் இதே வைத்தியம்தான்.

கோஆக்ஸ் நீளத்தை மாற்றினாலோ, ரேடியோவின் பெட்டியைத் தொட்டாலோ எஸ்.டபிள்யூ.ஆர். எண் தாவுகிறதென்றால் அது வேறு நோய். கேபிளின் வெளிப்பின்னலின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடுகிறது, கேபிளே ஆன்டெனாவின் பகுதியாகிவிட்டது. மைக் உதட்டில் சுருக்கென்று கடிப்பது, கணினி விசைப்பலகை தானாகத் தட்டுவது எல்லாம் இதன் அறிகுறிகள். ஆன்டெனாவின் நடுப்புள்ளியில் அந்த ஃபெரைட் வளையச் சோக்கை (மேலே சொன்ன 1:1 பாலனேதான்) போட்ட பிறகே ட்யூனரைத் தொடுங்கள். அதற்கு முன் செய்யும் எந்த ட்யூனிங்கும் நிலைக்காது.

10 வாட்டில் 1:1 இருந்து 100 வாட்டில் திடீரென்று எகிறினால், தீப்பொறி. காதுக்கு டிக் டிக் என்று கேட்கும், இருட்டில் தட்டுகளுக்கு நடுவே நீலமாகத் தெரியும். உலர்ந்த காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3000 வோல்ட் தாங்கும் என்பது வழுவழுப்பான பரப்புக்கு. தட்டின் கூர்மையான விளிம்பும் அதில் படிந்த தூசியும் அதை வெகுவாகக் குறைத்துவிடும். தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், பிறகு அதிகக் கெபாசிட்டன்ஸ் உள்ள வேறு அமைப்பைத் தேடுங்கள். எகிறாமல் மெதுவாக, அரை நிமிடத்தில் 1:1 என்பது 1.5, 2 என்று நகர்ந்தால் ஏதோ ஒன்று சூடாகிறது. அனுப்புவதை நிறுத்தி, ரேடியோவை அணைத்துவிட்டு, காயிலையும் பாலனையும் கனெக்டர்களையும் தொட்டுப் பாருங்கள். ஓடும்போது உள்ளே கை வைக்க வேண்டாம். 100 வாட் நிலையத்திலும் ட்யூனரின் ஆன்டெனா முனையில் தோலைச் சுட்டுக் கருக்கும் அளவுக்கு ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண்) மின்னழுத்தம் இருக்கும்.

எல்லா இடத்திலும் ட்யூனர்தான் தீர்வு என்பதும் இல்லை. ஒரே பேண்டுக்கு நிலையான சுமை என்றால் ஒரு கேபிள் துண்டு போதும். முழு அலை லூப் ஆன்டெனாவின் இம்பீடன்ஸ் சுமார் 100 ஓம். அதற்கும் 50 ஓம் கேபிளுக்கும் நடுவில் 75 ஓம் கேபிளைக் கால் அலைநீளத்துக்குப் போட்டால் 56 ஓமாகத் தெரியும், எஸ்.டபிள்யூ.ஆர். 1.13. 7.1 மெகாஹெர்ட்ஸில் வெற்றிடக் கால் அலை 10.56 மீட்டர். திட பாலிஎத்திலீன் கேபிளின் திசைவேகக் காரணி (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் அலை ஓடும் வேக விகிதம்) 0.66 என்பதால் வெட்ட வேண்டியது 6.97 மீட்டர். நுரை வகைக் கேபிளில் காரணி 0.8-ஐ ஒட்டி இருக்கும், உறையில் எழுதியிருப்பதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். நகரும் பாகம் இல்லை, தீப்பொறி இல்லை, இழப்பு அநேகமாக இல்லை.

வி.எச்.எஃப்.-இல் (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ்) கேபிள் எஸ்.டபிள்யூ.ஆரை மறைக்கும் இந்த வேலை இன்னும் தீவிரமாகிறது. 144 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் விழுங்கும். 30 மீட்டர் போட்டால் 6 டெசிபல். அந்தக் கேபிளின் மேல்முனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் கீழே எஸ்.டபிள்யூ.ஆர். 1.7 தான் காட்டும். அங்கே மேசைமேல் ட்யூனர் போடுவதில் பொருளே இல்லை. ஆன்டெனாவிலேயே சரிசெய்து, நல்ல கேபிள் போட வேண்டும்.

80 மீட்டருக்குப் புதிய ஏற்பாடு செய்தபின் பலனை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் தேடாதீர்கள், அது பழையதிலும் 1:1 தான் சொன்னது. பழைய ஏற்பாட்டைச் சில நாள் கழற்றாமல் வைத்துக்கொண்டு, ஒரு சுவிட்சில் இரண்டையும் இணைத்து, 100 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஒரு நிலையத்தோடு பகலில் பேசுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி, எது எது என்று சொல்லாமல் எஸ்-மீட்டரைப் படிக்கச் சொல்லுங்கள். சிக்னல் தானாகவே ஏறி இறங்கும் என்பதால் ஐந்தாறு தடவையாவது மாற்றிச் சராசரி எடுக்க வேண்டும். முழு நீள டைபோலுக்கு மாறியிருந்தால் வித்தியாசம் மூன்றரை எஸ்-யூனிட் அளவில் வர வேண்டும். ஒரு யூனிட்டுக்கும் குறைவாக வந்தால் புதிய ஃபீட்லைனை நடுப்புள்ளியில் கழற்றி, மேலே சொன்ன திறந்த முனைச் சோதனையை அதற்கும் செய்யுங்கள்.